நடு வரிசைக்கு யார் விளம்புவது

எங்கள் ஊர் முக்கில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு கரும்பலகை இருந்தது. கிராம நலச் சங்கத்தின் சொத்து. ஊர்ச் செய்திகளைத் தினமும் அதில் சாக்குக்கட்டியால் எழுதிப்போடுவது சங்கத்தின் துணைச் செயலாளருடைய வேலை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போட்டுக் காத்திருந்த எனக்கு அந்தப் பதவியைக் கொடுத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. தமிழும் மலையாளமும் பிழையில்லாமல் எழுத வரும் என்பதால் என்னை விட்டால் ஆளும் கிடையாது. பிற்பாடு கோப்புகளோடு நெடுங்காலம் குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றேன் என்றாலும், நடைமுறை என்ற ஒன்றிடம் நான் முதலில் மனதைப் பறிகொடுத்தது அந்தச் சங்கத்தில்தான்.

பலகையில் வந்த செய்திகள் உலகத்தைப் புரட்டக்கூடியவை அல்ல. இன்னார் வீட்டுப் பசுவைக் காணவில்லை. மேலத்தெருக் கிணற்றில் தூர் வாருகிறார்கள், தண்ணீர் கலங்கலாக வரும். அமரவிளையிலிருந்து வரும் சாயங்கால பஸ் இன்று வராது. குன்னத்துகாலில் நடந்த ஓணப் போட்டியில் நம்மவர்கள் வடம் இழுத்துத் தோற்றார்கள். இந்தக் கடைசிச் செய்தியை 'இரண்டாம் இடம் பெற்றார்கள்' என்று திருத்தி எழுதும்படி செயற்குழு தீர்மானம் போட்டது. போட்டியில் மொத்தமே இரண்டு அணிகள்தான் என்பதை எழுதப் பலகையில் இடம் போதவில்லை.

பிறகு எல்லைப் போராட்டம் வந்தது. திருவிதாங்கூரின் தெற்குத் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று ஒரு பக்கம். தெற்கே உயிர்களே போயின. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனம் இல்லை, எழுதவும் போவதில்லை. எங்கள் ஊரில் நடந்தது அந்தப் பெரிய காரியத்தின் ஓரத்துச் சங்கதி மட்டும்.

சங்கத் தலைவர் பலசரக்குக் கடைக்காரர். அவர் தமிழ்க் கட்சி. துணைத் தலைவர் பள்ளிக்கூட ஆசிரியர். அவர் மலையாளக் கட்சி. இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கடைக்காரர் காலையிலிருந்து மாலைவரை கடையில் மலையாளத்தில்தான் வியாபாரம் பேசுவார். ஆசிரியர் வகுப்பில் மலையாளம் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் தமிழில்தான் திட்டு வாங்குவார். இருவர் வீட்டுக்கும் இடையில் ஒரே ஒரு வேலி. அந்த வேலியிலும் ஒரு பொத்தல் உண்டு. இரண்டு வீட்டுக் கோழிகளும் அதன் வழியாகத் தாராளமாகப் போய்வரும்.

போராட்டம் முதலில் தாக்கியது என் கரும்பலகையை. எந்த மொழியில் எழுதுவது என்று மூன்று கூட்டங்களில் விவாதித்துக் கடைசியில் பலகையின் நடுவில் வெள்ளைப் பெயின்டால் நெட்டுக்கு ஒரு கோடு போட்டார்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம். அன்று முதல் காணாமல் போன பசு இரண்டு முறை காணாமல் போயிற்று. யாராவது இறந்துபோனால் எந்தப் பக்கத்தில் முதலில் எழுதினேன் என்று இரண்டு தரப்பும் ஆள் வைத்துப் பார்த்தார்கள். நான் ஒரு மரணத்தை இடப்பக்கமும் அடுத்த மரணத்தை வலப்பக்கமும் தொடங்குவது என்று வைத்துக்கொண்டேன். இறந்தவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஊர் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. செய்தி எப்படியும் கிடைத்துவிடும். சாப்பாடு அப்படியல்ல.

சங்கத்தின் பெரிய காரியமே கல்யாண வீடுகளில் விளம்புவதுதான். எங்கள் பக்கத்தில் பரிமாறுவதை விளம்புவது என்பார்கள். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் சங்கத்துப் பெரிய சமையல் வார்ப்பும் வாளிகளும் சோறு கொண்டுபோகும் ஓலைக் கடவங்களும் போகும். பின்னாலேயே தோளில் துவர்த்துத் துண்டு போட்டுக்கொண்டு தொண்டர்களும் போவார்கள். கோயிலில் தாலி கட்டுகிற வீடு, சர்ச்சில் மோதிரம் மாற்றுகிற வீடு என்ற பேதம் கிடையாது. இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பெண்ணைப் பெற்றவன் அன்றைக்குப் பந்தலில் கைகூப்பிக்கொண்டு நடக்கலாம், எல்லோரையும் உபசரிக்கலாம். விளம்புகிற பாத்திரத்தை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் அவனுக்கு அக்கம்பக்கம் இல்லை என்று பொருள். ஊரோடு சண்டை போட்டுக்கொண்ட ஒருவர் எப்போதோ அப்படித் தன் கையாலேயே விளம்பவேண்டி வந்தது. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகியும் அந்த வீட்டுக்குத் 'தானே வெளம்பினவன் வீடு' என்றுதான் பெயர். பேரன்கள்கூட வழி கேட்பவர்களுக்கு அப்படித்தான் சொல்லவேண்டியிருந்தது.

விளம்புகிறவர்களில் முதல் ஆள் ஒரு மாட்டுவண்டிக்காரர். அம்பூரி மலைப்பக்கத்திலிருந்து மூங்கிலும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றி வருவார். எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் அன்றைக்கு மாடுகளுக்கு ஓய்வு. அவர் கையில் சாம்பார் வாளி. ஓடுகிற ஓட்டத்திலும் ஒரு சொட்டு சிந்தமாட்டார். சாப்பிடுகிறவர் வேண்டாம் என்று சொல்வது மெய்யான வேண்டாமா, மரியாதைக்கான வேண்டாமா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். எந்தக் கட்சி என்று அவரிடம் கேட்டால் சாம்பார் கட்சி என்பார்.

அவருக்கு ஒரே மகள். விளவங்கோடு தாலுக்காவில், களியக்காவிளைக்கும் அப்புறம், மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். பலகையில் செய்தியை நான் இரண்டு பக்கமும் எழுதினேன். ஒரு தரப்பும் சண்டைக்கு வராத ஒரே செய்தி அதுதான்.

ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வேறொரு வீட்டுக் கல்யாணத்தில் தொண்டர்களுக்குள் தகராறு ஆகியிருந்தது. மோர்க்குழம்பான புளிசேரியை விளம்பிய தமிழ்க் கட்சிக்காரன் மலையாளக் கட்சிக்காரனின் காலில் ஊற்றிவிட்டான். தவறி ஊற்றியதா, கொள்கைப்படி ஊற்றியதா என்று விசாரிக்க ஒரு துணைக்குழு போட்டோம். துணைக்குழு இரண்டு அறிக்கை கொடுத்தது. அதோடு ஒரு தரப்பு விளம்புகிற பந்தியில் இன்னொரு தரப்பு கால் வைக்காது என்று இரு தரப்பும் அறிவித்துவிட்டார்கள்.

மறுநாள் வண்டிக்காரர் சங்க அறைக்கு வந்தார். நான் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் உட்காரவில்லை.

"தம்பி, எனக்க மவளுக்க கல்யாணத்துக்கு வெளம்ப ஆளு உண்டா, இல்லியா? அத மட்டும் செல்லு."

எழுத்து மூலம் விண்ணப்பம் வந்தால் செயற்குழுவின் பரிசீலனைக்கு வைக்கப்படும் என்று சொன்னேன். அந்த வயதிலேயே எனக்கு அது சரளமாக வந்தது.

"எழுத்தெல்லாம் நீயே எழுதிக்க. எனக்கு வேண்டியது எழுத்தில்ல. இந்த ஊருல நான் வாளி தூக்காத வீடு உண்டா? எனக்க முற்றத்துல நானே தூக்க வேண்டி வந்தா, மாப்ள வீட்டுக்காரன் எனக்க மவளப் பாத்து என்ன கேப்பான்? ஒனக்க அப்பனுக்கு அக்கம்பக்கத்துல ஒரு மனுசன் இல்லியாடீன்னு கேப்பான். அவ சாவுறது வர அதக் கேட்டுக்கிட்டு கெடக்கணும்."

அவருடைய விண்ணப்பத்தை நானே எழுதினேன். அவசரச் செயற்குழுவையும் கூட்டினேன்.

கூட்டம் நல்ல முறையில் நடந்தது என்றுதான் குறிப்பில் எழுதியிருந்தேன். கடைக்காரரும் ஆசிரியரும் வண்டிக்காரரின் பேரில் தங்களுக்கு உள்ள பிரியத்தை ஆளுக்கு அரைமணி நேரம் விளக்கினார்கள். கல்யாணத்துக்கு வராமல் இருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எதிர்த்தரப்போடு ஒரே வரிசையில் விளம்புவது என்ற பேச்சுக்கும் இடமில்லை. வண்டிக்காரரின் முற்றத்தில் ஐந்து வரிசைகள் போடலாம். கிழக்கு இரண்டு வரிசை தமிழ்க் கட்சிக்கு, மேற்கு இரண்டு வரிசை மலையாளக் கட்சிக்கு என்று முடிவாயிற்று. மத்தியானத்துக்கு மேல் மேற்கே வெயில் அடிக்கும் என்று ஆசிரியர் ஆட்சேபித்தார். அதற்காக ஓலைக்கீற்று கூடுதலாகக் கட்டித் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். வாளிகளையும் கடவங்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். வார்ப்பைப் பிரிக்க முடியாது என்பதால் அடுக்களைக் கொட்டகையை இரு தரப்புக்கும் பொதுவான பிரதேசம் என்று வைத்தார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் சமையல்காரர் எந்தக் கட்சி என்று கூட விசாரித்தார்கள். அவர் பிழைக்க வந்த திருச்சூர்க்காரர், இந்த எல்லைச் சண்டைக்கு அந்நியர் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

நடு வரிசை யாருக்கு என்று நான் கேட்டேன்.

இருவருமே அது தங்களுடையது என்றார்கள். பெரும்பான்மையோர் அங்கே எந்த மொழி பேசுவார்கள் என்று கடைக்காரர் ஆரம்பித்தார். முற்றத்தின் இயற்கையான சாய்வு எந்தப் பக்கம் என்று ஆசிரியர் தொடர்ந்தார். கொஞ்ச நேரம் போனதும் இருவருக்கும் பசி வந்துவிட்டது. நடு வரிசை குறித்துப் பின்னர் சுமுகமாக முடிவு செய்யப்படும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. கல்யாணம் வியாழக்கிழமை, அடுத்த செயற்குழு ஞாயிற்றுக்கிழமை என்று நான் நினைவூட்டினேன். கூட்டம் முடிந்துவிட்டதால் என் பேச்சைக் குறிப்பில் சேர்க்க வழியில்லை என்று தலைவர் சரியாகவே தீர்ப்பளித்தார்.

வியாழக்கிழமை சர்ச்சில் காரியம் அழகாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். வண்டிக்காரர் அயர்ன் செய்த சட்டையில் தனக்கே அறிமுகமில்லாத ஆள்போல இருந்தார். பந்தலில் ஐந்து வரிசைக்கும் பாய் விரித்து, இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் அவியலும் தோரனும் பச்சடியும் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். அதை வீட்டுப் பெண்கள் செய்தார்கள். பெண்களின் வேலைகளை எந்தத் தீர்மானமும் கட்டுப்படுத்தவில்லை. அதனால்தான் அவை நடந்தன.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பந்தலுக்குள் நுழைந்ததும் எங்கே உட்காருவார்கள்? நடுவில்தான். மாப்பிள்ளையின் தாய்மாமன், நல்ல ஆகிருதியான மனிதர், நடு வரிசையின் நடு இலையில் அமர்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் சம்பந்தி வீட்டு முக்கியஸ்தர்கள் வரிசையாக அமர்ந்தார்கள்.

விளம்பத் தொடங்கினார்கள். அப்படி ஒரு விளம்பலை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. கிழக்கே சோறு விழுந்த கையோடு மேற்கே சோறு விழுந்தது. மேற்கே பருப்பும் நெய்யும் போனதைப் பார்த்துக் கிழக்கே இரண்டாம் முறை நெய் போயிற்று. பப்படம் பறந்தது. ஆசிரியர் தன் ஆட்களை வகுப்பில் நடத்துவதுபோல நடத்தினார். கடைக்காரர் இலைக்கு இலை குனிந்து, அளந்தே கொடுத்துப் பழகிய கையால் அன்று அளக்காமல் போட்டார்.

நடு வரிசையில் சோறு விழவில்லை.

தொண்டர்கள் அந்த வரிசையின் ஓரம்வரை வருவார்கள். எதிர்த்தரப்பைப் பார்ப்பார்கள். திரும்பிப் போவார்கள். முதலில் நுழைகிறவன் ஒப்பந்தத்தை மீறியவன் ஆகிவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கத்திலும் என்னை வேறு அவ்வப்போது பார்த்துக்கொண்டார்கள், சாட்சிக்கு. என் சட்டைப்பையில் தீர்மானத்தின் நகல் இருந்தது.

நடு வரிசைக்காரர்கள் முதலில் அவியலைத் தொட்டுக்கொண்டார்கள். பிறகு பச்சடியை. பிறகு கிழக்கே பார்த்தார்கள், மேற்கே பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சாம்பாரே வந்துவிட்டது. தாய்மாமன் சோற்றுக்காக இலையில் ஒதுக்கிய இடத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், யாரையும் பார்க்காமல், பக்கத்து இலைக்காரரிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

"நம்மள வெறும் பாயில இருத்தி வேடிக்க காட்டத்தான் கூப்பிட்டிருக்கினும் போல."

அவர் கை இலையின் மேல்நுனிக்குப் போயிற்று. சோறு விழாத இலையை மடித்துவிட்டு எழுந்தால் அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. வண்டிக்காரரின் மகள் பந்தல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மாமனின் கையைத்தான் பார்த்தாள்.

நான் ஒரு கடவத்தை எடுக்கப் போனேன். அது கிழக்குத் தரப்புக் கடவம். எடுத்தால் நான் அவர்கள் ஆளாகிவிடுவேன் என்று அருகில் நின்ற தொண்டன் சிரித்தான். துணைச் செயலாளர் நடுநிலை வகிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியை நான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கும்போதே என்னைத் தாண்டி ஒரு கை வந்து கடவத்தை எடுத்தது. அயர்ன் செய்த சட்டையின் கை.

வண்டிக்காரர் கடவத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடு வரிசைக்கு நடந்தார். ஓடவில்லை. மாப்பிள்ளையின் மாமன் முன்னால் போய்க் குனிந்தார்.

"இருங்க மாமா, நான் வெளம்புதேன். ஆளில்லாத வீடாக்கும் இது. ஒண்ணும் நெனைக்காதேயுங்க."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாம்பார் வேண்டுமா என்று கேட்கிற குரலிலேயே சொன்னார். அதனால்தான் அது பந்தலின் நாலு மூலைக்கும் போயிற்று.

கடைக்காரர் கிழக்கேயிருந்து வந்தார். வந்தார் என்பது சரியல்ல. இரண்டு வரிசை இலைகளைத் தாண்டி விழுந்தார். கடவத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அத இஞ்ச தா, மக்கா. நாங்க செத்தா போனோம்?"

வண்டிக்காரர் விடவில்லை. அதற்குள் மேற்கேயிருந்து ஆசிரியர் பருப்பு வாளியோடு வந்து நின்றார். வகுப்பு மலையாளம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, வீட்டுத் தமிழ் வெளியே வந்தது.

"சோறு மட்டும் இட்டா ஆச்சா? வெறுஞ்சோத்த எப்பிடித் திம்பினும்? பருப்பு நானாக்கும் வெளம்புறது. நீரு கடவத்த விடும், அண்ணே."

வண்டிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மெய்யான வார்த்தையா, மரியாதைக்கான வார்த்தையா என்று இலைக்கு முன்னால் நின்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"சாரே, முதலாளி, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் செல்லுதேன். இந்த வரிசைய ஒண்ணா முடிச்சு வையுங்க. பெறவு அவங்கவங்க நாட்டுக்குப் போங்க."

கடவத்தை விட்டார்.

கடைக்காரர் சோறு போட, ஆசிரியர் பின்னாலேயே பருப்பு ஊற்ற, நடு வரிசை நகர்ந்தது. சோறும் பருப்பும் ஒன்றுக்கொன்று இரண்டு இலைக்கு மேல் தள்ளிப் போகமுடியாது. தள்ளிப் போனால் சோறு ஆறிவிடும். எனவே இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் நடக்கவேண்டியிருந்தது. கடைக்காரர் வேகமாகப் போனால் ஆசிரியர் சட்டையைப் பிடித்து இழுத்தார். தலைவர்கள் நுழைந்ததைப் பார்த்ததும் இரண்டு தரப்புத் தொண்டர்களும் நுழைந்தார்கள். பட்டினி கிடந்த வரிசைக்கு எல்லாம் இரட்டையாக வரத் தொடங்கிற்று. கிழக்குச் சாம்பார் விழுந்த இலையில் மேற்குச் சாம்பாரும் விழுந்தது. தாய்மாமன் முதலில் போதும் என்றார். பிறகு அதையே மலையாளத்தில் மதி என்றார். பிறகு இரண்டு கைகளாலும் இலையை மூடிக்கொண்டு, தான் ஒரு வயிறோடுதான் வந்திருப்பதாகக் கெஞ்சினார். பாயசம் வந்தபோது அவர் எழுந்து போக நினைத்திருந்தாலும் யாராவது தூக்கிவிட்டால்தான் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவில் இரண்டு தரப்பும் எழுத்து மூலம் புகார் கொடுத்தார்கள், எதிர்த்தரப்புதான் முதலில் நடு வரிசையில் கால் வைத்தது என்று. இரண்டையும் பதிவு செய்தேன். நடு வரிசை பற்றிய தீர்மானத்தை இப்போது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அது கிடக்கட்டும் என்று இருவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டில் ஒருமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

பிறகு பெரிய இடத்தில் பெரிய கோடு போட்டார்கள். விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போயிற்று, நாங்கள் மலையாளப் பக்கம் நின்றோம். வண்டிக்காரரின் மகள் அடுத்த மாநிலத்துக்காரி ஆனாள். ஆனாலும் பஸ்ஸில் அதே தூரம்தான். கடைக்காரர் தனக்குப் பிடிக்காத மாநிலத்தில் கடைசிவரை நன்றாக வியாபாரம் செய்தார். ஆசிரியர் தனக்குப் பிடித்த மாநிலத்தில் ஓய்வூதியத்துக்கு அலைந்தார். அந்தக் கோப்பை நகர்த்திக் கொடுத்தவன் நான். பலகையில் நடுக்கோடு மட்டும் வெகுநாள் அழியாமல் இருந்தது. நல்ல பெயின்ட்.

அந்த வியாழக்கிழமையின் கடைசிப் பந்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெண் வீட்டார் சாப்பிடுவது கடைசிப் பந்தியில். மாப்பிள்ளை வீட்டு பஸ்கள் புறப்பட்டாயிற்று. மகள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்தில் மாமியார், பின்னால் தாய்மாமன், அரைத் தூக்கத்தில். வண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். ஐந்து வரிசையும் காலி. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அவர் நேரே போய் நடு வரிசையில், நடு இலையில் உட்கார்ந்தார்.

கிழக்கேயும் மேற்கேயும் ஓய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கடைக்காரர் கடவத்தை எடுத்தார். ஆசிரியர் இந்த முறை சாம்பார் வாளியை எடுத்தார். எடுத்தவர் அவசரத்தில் கரண்டியை உயரத் தூக்கி ஊற்றினார், சட்டையில் தெறித்தது. அயர்ன் செய்த சட்டை.

வண்டிக்காரர் அதைப் பார்த்தார். பிறகு ஆசிரியரைப் பார்த்தார்.

"சாரே, கரண்டி எலையில முட்டணும். நாள மறுநாளு கீழத்தெருவுல கல்யாணம் உண்டுல்லா, நான் வாறேன், காட்டித் தாறேன்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். நாங்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தோம், அடுத்து அவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டு.